அலி, முத்து, ஆ சோங்கை வைத்து நான் நடத்திய பயிற்சி

மலேசியாவில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் 14 வருடம் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவள் நான். 2022 டிசம்பரில், தொழிலாளர் பயிற்சிப் பொறுப்பைப் பார்த்துவந்த அக்கா வேலையை விட்டுவிட்டு, மகளோடு இருக்கக் கிள்ளானுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். "எக்செல் நல்லா போடுவீங்கல்ல, இதையும் சேர்த்துப் பாத்துக்குங்கம்மா" என்று ஒரு தடிமனான கோப்பை மேசையில் வைத்தார். மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ். சின்னவனின் டியூஷன் காசுக்கு ஆச்சு என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலில் கம்பெனிக்குப் போனது 11,200 வெள்ளி. எனக்குப் போனது 41 இரவுத் தூக்கம், அந்த வருட போனஸில் பாதி, அப்புறம் கோயில் திருவிழாவில் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசும் தைரியம். இந்த நாற்காலியில் புதிதாக வந்து உட்காரும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் தோட்டத்துக்குச் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே போக வேண்டும். 2007-ல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் பழைய பெயர்தான். என் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய மண்ணில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பாட்டி 12 வயதில் கற்ற கைப்பழக்கத்தை வைத்தே 55 வயதுவரை ஓட்டிவிட்டார். அவருக்கு யாரும் பயிற்சி அட்டவணை போடவில்லை, தேவையும் இருக்கவில்லை. எனக்கு வாய்த்த காலம் வேறு. பெருந்தொற்றில் எல்லையை மூடியதும் வெளிநாட்டு ஆட்கள் வரவில்லை. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது, எங்கள் மரங்களில் குலை பழுத்துக் காத்துக் கிடந்தது, வெட்ட ஆள் இல்லை. அப்புறம் ஆட்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். பழம் வாங்கும் எண்ணெய் மில்லில் கேட்பது மாறியது, தணிக்கைக்கு வருபவர் கேட்பது மாறியது, ஆபீசில் காகிதம் போய்க் கைப்பேசி வந்தது. என் கையில் இருந்த கோப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்தால் முக்கால்வாசி போட்டோ. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பேனர், பேனருக்கு முன்னால் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு இருபது முப்பது பேர். எல்லாம் முடிந்து நொந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வீட்டுத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஆறு வருடப் படங்களிலும் அதே முகங்கள்: ஸ்டோர் பையன், ஆபீஸ் டிரைவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அக்கா, ஓரத்தில் நான். ஆயாக் கொட்டகை அக்கா பூச்சிமருந்து கலக்கும் பயிற்சிக்கு மூன்று முறை போயிருக்கிறார். மருந்துப் பம்பை அவர் தொட்டதே இல்லை. பயிற்சிக்கு ஆள் அனுப்புங்கள் என்றால் மண்டோர்கள் (வேலைக் கூட்டத்தின் மேற்பார்வையாளர்கள்) யாரை அனுப்புவார்கள்? யார் இல்லாவிட்டாலும் அன்றைக்கு வேலை நிற்காதோ அவரைத்தான். கற்றுக்கொள்ள வேண்டியவன் மரத்தடியில் நிற்பான். நீங்கள் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பெயர்வாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரு மத்தியானம் போதும். நான் அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் நாள் நான் செய்தது வேறு. போன வருட அட்டவணையைத் திறந்தேன், புதுப் பெயரில் சேமித்தேன், 2022 என்று இருந்த இடத்தில் 2023 என்று அடித்தேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது, மேனேஜரும் பாராட்டினார். புதிதாக நான் சேர்த்தது ஒரே ஒரு வரி: ஜனவரி 9, 10 தேதிகளில் கைப்பேசிச் செயலிப் பயிற்சி. குலைக் கணக்கைச் சீட்டில் எழுதுவதை விட்டுவிட்டுக் கைப்பேசியில் பதிவது என்று கம்பெனி முடிவெடுத்திருந்தது. கைப்பேசிகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி கொடுப்பவர் மட்டும் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வைத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன். கல்யாணமே நிச்சயமாகாத வீட்டில் பந்தல் போட்ட கதை.

பாலாய் ராயா மண்டபத்தில் இரண்டு நாள், 30 பேர். அவர்களில் உள்ளூர்க்காரர்கள் 8 பேர், மற்றவர்கள் வங்காளதேசம், இந்தோனேசியா. பயிற்சியாளர் நல்ல மனிதர்தான். சுவரில் அவருடைய கைப்பேசித் திரை பெரிதாகத் தெரிந்தது. தொழிலாளர் பட்டியல் என்று மலாய்க்காரர், இந்தியர், சீனர் என இனத்துக்கு ஒன்றாக மூன்று பெயர் வைத்திருந்தார்: அலி, முத்து, ஆ சோங். அலிக்கு 42 குலை, முத்துவுக்கு 38 குலை, ஆ சோங்குக்கு 51 குலை. தட்டு, எண்ணைப் போடு, சேமி. ரொம்ப சுலபம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கையில் கைப்பேசி வைத்துத் தட்டிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. பத்து மணிக்கு நாசி லெமாக் சாப்பிட்டோம், மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் தூங்கினார்கள். பேனர் நன்றாக வந்திருந்தது.

இப்போது காசுக்கு வருகிறேன். 10 பேரோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, அரசாங்கத்தின் மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத்தான் பயிற்சிக்கு மானியமாகத் திரும்ப வாங்குகிறோம். தோட்டத்துறை இதற்குள் வந்தது 2021 மார்ச்சில்தான். அதனால் எங்கள் ஆபீசில் யாருக்கும் பழக்கம் இல்லை, எனக்கும் இல்லை. பயிற்சி முடிந்து, எல்லாக் காகிதத்தையும் சேர்த்து, 11-ஆம் தேதி விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். பயிற்சிக்குக் கொடுத்த 11,200 வெள்ளி போனதுதான். விண்ணப்பம் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் போக வேண்டும், நான் முடித்துவிட்டுப் போட்டிருக்கிறேன். விதி தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது: சரியான நேரத்தில் போட்டிருந்தாலும் அந்த 8 பேருக்குத்தான் கிடைத்திருக்கும். லெவியும் மானியமும் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கும் தோட்டத்தில், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கம்பெனி தன் பையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். வருடத் தொடக்கத்திலேயே இதை மேனேஜரிடம் உடைத்துச் சொல்லிவிடுங்கள், எழுத்தில். நான் மார்ச்சில் சொன்னேன். அவர் கத்தவில்லை, "யார் சைன் வச்சது?" என்று மட்டும் கேட்டார். என் கையெழுத்தைக் காட்டினேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இன்றைக்கு என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மானியம் கிடைத்துவிட்டது என்ற கடிதத்தை அச்சடித்துக் கோப்பில் முதல் தாளாக வைத்த பிறகுதான் பயிற்சியாளருக்குத் தேதி சொல்வேன். "இந்த வாரம் மட்டும்தான் இந்த விலை" என்று யாராவது சொன்னால், "அப்ப அடுத்த விலைக்கே வாங்குறேன் சார்" என்று சொல்லிவிடுவேன்.

ஏப்ரலில் புது ஆட்கள் வந்தார்கள், 34 பேர். ஜனவரியில் பாலாய் ராயாவில் உட்கார்ந்தவர்களில் 9 பேர் அதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். கைப்பேசிகள் மே மாதக் கடைசியில் வந்தன, செயலியும் புதுப் பதிப்பு, பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. மறுபடி ஒருமுறை பயிற்சி வைக்கலாமா என்று கேட்டேன். "ஜனவரியில வச்சோமே, அட்டவணையில டிக் போட்டிருக்கே" என்றார்கள். நானே போட்ட டிக். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் சம்பளம் ஜூலை முதல் வாரம் போனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் கூட்டம். 17 பேருக்குச் சம்பளம் தப்பு. சிலருக்கு அதிகம் (அவர்கள் வரவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம்), பலருக்குக் குறைவு. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனது. எங்கள் வங்காளதேசத் தம்பிகளில் 11 பேருடைய பெயர் முகமது என்பதன் சுருக்கமான எம்.டி. என்று தொடங்கும். செயலியில் பெயரின் முதல் சில எழுத்துதான் தெரியும். கணக்கெடுப்பவர் வெயிலில், வேர்வைக் கையோடு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வரிசையாக நிற்கும் 11 எம்.டி.களில் ஒன்றைத் தட்டுகிறார். எதைத் தட்டினார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பட்டியலில் எம்.டி.களுக்கு அடுத்த வரியில் இருந்த நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு 640 வெள்ளி குறைந்துவிட்டது. அலி, முத்து, ஆ சோங் என்று மூன்று வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைத்துப் பழகியபோது இந்தப் பிரச்சினை எப்படித் தெரியும்? பள்ளிப் புத்தகத்தில்தான் மலேசியா அப்படி இருக்கும். எங்கள் தோட்டத்தில் முத்து ஒருவர், ஆ சோங் யாரும் இல்லை, எம்.டி. 11 பேர்.

ஆகவே, புது முறை எதுவாக இருந்தாலும் உங்கள் இடத்து உண்மையான பெயர்கள், உண்மையான எண்கள், உண்மையான வெயிலை வைத்துத்தான் பழக்க வேண்டும். மாதிரி விவரத்தில் எல்லாம் ஓடும். நாங்கள் பின்னால் செய்த மருந்து ரொம்பச் சின்னது: ஒவ்வொருவருக்கும் தலைக்கவசத்தில் ஒட்டியிருக்கும் எண்ணையே பெயருக்கு முன்னால் போட்டோம். ஜனவரியில் அரை மணி நேரம் ஒரு கணக்கெடுப்பவரோடு மரத்தடியில் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த மாதம் கோயிலில் ஆடித் திருவிழா, நல்ல கூட்டம். பொங்கலுக்கு வரிசையில் நிற்கிறேன். அந்த 640 வெள்ளிக்காரரின் மனைவி, சத்தமாக, "என்னாக்கா, எங்க வீட்டுக்காரரு காச ஒங்க போனு முழுங்கிருச்சாமே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மூன்று பிள்ளைகள் அவளுக்கு, அந்த மாதம் மளிகைக் கடையில் கடன் சொல்லியிருக்கிறாள். நான் தொன்னையை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணக்கைச் சரிசெய்ய எனக்குக் கைகொடுத்தது எந்தப் பயிற்சியிலும் பெயர் இல்லாத ஒருவர். எங்கள் மண்டோர் மாமா, 61 வயது. "இன்னும் கொஞ்ச நாள்ல பென்ஷன், இவருக்கு எதுக்கு போனு" என்று அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அதுவும் என் முடிவுதான். அவர் மட்டும் தினமும் சட்டைப் பையில் வைத்திருக்கும் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகத்தில் குலைக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். "அது என்னமோ எனக்கு அந்தக் கண்ணாடிப் பொட்டி மேல நம்பிக்கை இல்லம்மா" என்று நான்கு புத்தகத்தை என் மேசையில் வைத்தார். எண்ணெய்க் கறை, உதிரிப் பழத்தின் ஆரஞ்சுச் சாயம், ஒரு பக்கத்தில் நாலு நம்பர் லாட்டரி எண்கூட இருந்தது. அதை வைத்து வரி வரியாக 41 இரவு உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்த கணக்கைத் திருப்பி அடித்தேன். வீட்டுக்காரர் தினமும் பத்து மணிக்குத் தே தாரே வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருப்பார். அந்த இரவுகளுக்கு ஓவர்டைம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. புது முறை வந்தால் குறைந்தது இரண்டு மாதமாவது பழைய முறையையும் கூடவே ஓட்டுங்கள். இரட்டை வேலை என்று திட்டுவார்கள், திட்டட்டும்.

ஆகஸ்டில் இன்னொரு பக்கத்திலிருந்து அடி. எங்கள் குலைகளின் தரம் சரியில்லை என்று மில் காசைப் பிடிக்க ஆரம்பித்தது. என் அட்டவணைப்படி ஆகஸ்டில் இருந்தது தீயணைப்புப் பயிற்சி. நான் அதை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக டிக் போட்டிருக்கலாம். ஏனோ அன்றைக்கு லோரியில் ஏறி மில்லுக்குப் போனேன். பழம் கொட்டும் ரேம்ப்பில் தரம் பார்க்கும் அண்ணன் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் பக்கத்தில் மூன்று நாள் நின்றேன். என் 14 வருட வேலையில் நான் அதிகம் கற்றது அந்த மூன்று நாள்தான். பழுத்த குலை என்று எடுத்துக்கொள்ள, பழம் உதிர்ந்த புதுக் குழி பத்தாவது இருக்க வேண்டும். கம்பியால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார். எங்கள் லோரியிலிருந்து விழுந்த பல குலைகள் ஒரு குழியும் இல்லாமல் கன்னங்கரேல் என்று மின்னின. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் அதற்கும் கழிவு. எங்கள் காம்புகளில் சில கைப்பிடி வைத்த கரண்டி மாதிரி இருந்தன. "புது ஆளுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அவனுங்க குலையோட கலரைப் பாத்து வெட்டுறானுங்க. தரையைப் பாக்கச் சொல்லுங்க."

எந்தப் பயிற்சியை எப்போது வைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் இந்த ரேம்ப்தான். ஒவ்வொரு தொழிலிலும் ஒரு ரேம்ப் இருக்கும். உங்கள் வேலையின் தப்பெல்லாம் கடைசியில் போய் விழுந்து, யாரோ ஒருவர் கம்பியால் தட்டிப் பார்க்கும் இடம். கடையாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் சாமான் குவியும் மூலை, ஆபீசாக இருந்தால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும் பில். மாதம் ஒரு நாள் போய் அங்கே நின்றால் அடுத்த மாதம் எதைக் கற்றுக்கொடுப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். தேவைக் கணக்கெடுப்பு என்று ஒரு படிவம் உண்டு. அதில் எல்லாரும் "கணினிப் பயிற்சி", "ஆங்கிலப் பயிற்சி" என்றுதான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதுவேன்.

மேனேஜரிடம் தீயணைப்பைச் செப்டம்பருக்குத் தள்ளச் சொல்லிக் கெஞ்சி, மண்டோர் மாமாவைப் பிடித்தேன். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குமுன் ஆள் எண்ணும் கூட்டத்தில், எண்ணி முடிந்ததும், 15 நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். முதல் நாள் மாமா ஒன்றும் பேசவில்லை. எல்லாரையும் பக்கத்து மரத்தடிக்கு நடத்திப் போய், குனிந்து, தரையில் உதிர்ந்து கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அப்புறம் மேலே கையைக் காட்டி, "போத்தோங்" என்றார். வெட்டு. அடுத்த மரத்தடிக்குப் போனார், தரை சுத்தமாக இருந்தது. மேலே பார்த்தால் குலை பெரிதாக, ஆசை காட்டிக்கொண்டு இருந்தது. "ஜாங்கான்" என்றார். வேண்டாம். அவ்வளவுதான் வகுப்பு. மூன்று வருடமாக எங்களோடு இருக்கும் வங்காளதேசத் தம்பி ஒருவர் மற்றதைத் தன் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னார். அவருக்கும் மாமாவுக்கும் தடவைக்கு 30 வெள்ளி கொடுக்க ஏற்பாடு செய்தேன், அதற்கு இரண்டு வாரம் ஆபீசில் சண்டை போட வேண்டியிருந்தது. வெளியாருக்கு 11,200 கொடுக்கக் கூசாத கை, உள்ளாருக்கு 30 கொடுக்கக் கூசும். நான்கு வாரத்தில் மில் பிடித்த காசு பாதிக்கும் கீழே வந்தது.

இதில் ஒரு விஷயத்தை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள் மறந்துவிடுகிறோம். வெட்டுகிறவர்களுக்கு டன்னுக்கு இவ்வளவு என்றுதான் காசு. இரண்டு நாள் மண்டபத்தில் உட்கார வைத்தால், நாசி லெமாக் கொடுத்தாலும், அவர்களுக்கு நட்டம். ஜனவரியில் நாள் சம்பளம் மட்டும் கொடுத்தோம். வழக்கமாகச் சம்பாதிப்பதில் பாதிகூட வராது. அதோடு வெட்டுச் சுற்று இரண்டு நாள் பின்னால் போனது. தூங்கினார்கள் என்று மேலே எழுதினேனே, கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. கற்கும் நேரத்துக்கு அவர்களின் சராசரிக் காசைக் கொடுங்கள், இல்லையென்றால் நேரத்தைச் சுருக்குங்கள். நாங்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தோம்.

பெரட்டு வகுப்பைப் பெரிய சாதனை மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. மழை நாளில் நடக்காது. விடியாத நேரத்தில் பாதிப் பேர் காதில் ஏறாது. மாமாவுக்கு வாய் நீளம், ஒருமுறை ஒரு நேப்பாளிப் பையனை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார், அவன் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. நன்றாக வேலை தெரிந்தவர் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதில்லை. மாமாவை உட்கார வைத்து, "திட்டுறதா இருந்தா தனியா கூப்பிட்டுத் திட்டுங்க மாமா" என்று சொல்ல எனக்கே பயமாக இருந்தது. சொன்னேன். "ஒங்க பாட்டிய விட நீ மோசம்" என்றார், ஆனால் நிறுத்திக்கொண்டார். சட்டம் கேட்கும் பயிற்சிகளையும், பூச்சிமருந்து, முதலுதவி மாதிரியானவற்றையும் இந்த 15 நிமிடத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். அதற்கு உரிய ஆள், உரிய சான்றிதழ் வேண்டும். தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். தணிக்கைக்கு வருபவர் கோப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார், மரத்தடிக்குப் போய் மருந்தடிக்கும் பெண்ணை நிறுத்திக் கேட்பார். பேனர் போட்டோ அங்கே வாய் திறக்காது.

2024-க்கு அட்டவணை போடும்போது கை நடுங்கியது என்றே சொல்லலாம். சட்டம் கேட்பவற்றை மட்டும் தேதியோடு எழுதினேன். மற்ற கட்டங்களில் பாதியைக் காலியாக விட்டேன், பயிற்சிக் காசிலும் பாதியைத் தொடாமல் வைத்தேன். சோம்பேறித்தனம் என்று ஒரு சின்ன துரை (உதவி மேனேஜர்) சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்தக் காலி இடத்துக்குள் என்னென்ன வந்து உட்கார்ந்தன என்று சொல்கிறேன். 2024 ஜூன் 1-ல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சேஃப்டி ஆபீசர் வைக்கக் கட்டாயமில்லாத இடமாக இருந்தாலும் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்குப் பழம் ஏற்றும் சின்ன கண்டிராக்டர்கள்கூட ஓடி வந்து கேட்டார்கள். அப்புறம் ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததை அங்கே விற்க முடியாது, எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். 2024 டிசம்பர் 30 கெடு என்றார்கள். ஒரு வருடம் தள்ளிப்போனது, அப்புறம் மறுபடியும் தள்ளிப்போனது. பழைய நானாக இருந்திருந்தால் முதல் கெடுவுக்கே எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, பேனர் அடித்து, காசைக் கரைத்திருப்பேன். இந்த முறை இரண்டு கணக்கெடுப்பவர்களுக்கு மட்டும், எந்த பிளாக்கில் வெட்டிய குலை என்பதைச் செயலியில் சரியாகப் போடக் காட்டிக்கொடுத்தோம். கெடு எப்போது வந்தாலும் அது வீணாகாது, சம்பளக் கணக்குக்கே அது வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனபோது செக்ரோல் பிள்ளைகளுக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. அது எனக்கே தெரிந்த வேலை என்பதால் நானே சொல்லிக்கொடுத்தேன்.

எதையாவது சேர்த்தால் எதையாவது எடுக்கவும் வேண்டும். இது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வருடா வருடம் நடந்த "ஊக்கமூட்டும் உரை" ஒன்றை நிறுத்தினேன். அந்த உரையாற்றுபவர் கோயில் கமிட்டித் தலைவருக்குச் சொந்தம். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சரி, பரவாயில்லை.

கற்றார்களா என்று பார்க்கும் வழியையும் மாற்றிக்கொண்டேன். முன்பு பயிற்சி முடிந்ததும் ஒரு தாளில் "பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்போம், எல்லாரும் ஆம் என்று வட்டம் போடுவார்கள், சிலர் பேனா இரவல் வாங்கிப் பக்கத்து ஆளைப் பார்த்து. இப்போது இரண்டு வாரம் கழித்து நானே போய், ஒன்றும் கேட்காமல், கையைப் பார்க்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் குனிந்து தரையைப் பார்க்கிறானா? பார்த்தால் ஒரு டிக். பார்க்காவிட்டால் அவனைத் திட்டுவதில்லை, மாமாவிடம் சொல்கிறேன், அடுத்த பெரட்டில் அதே விஷயம் மறுபடி வரும்.

மாமா போன வருடம் பென்ஷன் வாங்கிவிட்டார். வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கிறார், 30 வெள்ளியை 50 ஆக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கடிதம் மேலிடத்தில் இருக்கிறது. அந்த 555 புத்தகங்கள் என் இழுப்பறையில். 640 வெள்ளிக்காரரின் மனைவி இப்போது உதிரிப் பழம் பொறுக்கும் கூட்டத்துக்குத் தலைவி. கைப்பேசியில் கணக்குப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, என்னையும் சேர்த்து.

போன டிசம்பரில் புது மேனேஜரிடம் அட்டவணையைக் கொண்டுபோய் வைத்தேன். ஜூலைக்கு மேல் பெரும்பாலும் வெள்ளைக் கட்டம். பென்சில் முனையால் அதைத் தட்டி, "இங்க என்னம்மா?" என்றார். "இன்னும் வரல சார்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார், அப்புறம் கீழே கையெழுத்தும் போட்டார்.